பதியன் போட்ட வார்த்தை

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. ஒரு பக்கம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், இன்னொரு பக்கம் ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. சண்டைக்குக் காரணம் ஹிட்லர்.

மகள் பரீட்சைக்கு நாஜி ஜெர்மனி பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "ப்ராபகண்டா என்றால் மக்களை ஏமாற்றுவதற்காகப் பரப்பப்படும் பொய்" என்று டீச்சர் கொடுத்த நோட்ஸில் இருந்ததை நாலு தடவை சொன்னாள். பூ தொடுத்துக்கொண்டிருந்த அம்மா, "அது என்னட்டி, அதுக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் நான் வாயைக் கொடுத்தேன். "பிரச்சாரம்மா."

வந்தது வினை. அறுபத்தேழாம் வருஷத் தேர்தலில் என் அப்பா சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பிரச்சாரம் செய்தது எங்கள் குடும்பத்தின் வீரகாவியம். தாமிரபரணிக்கரை முழுக்கத் தொண்டை வற்றக் கத்தினார், திரும்பி வரும்போது சைக்கிளில் செயின் இல்லை, இத்யாதி. மகளுக்கும் அது மனப்பாடம். "அப்போ தாத்தா பண்ணினது ப்ராபகண்டாவா ஆச்சி?" என்று கேட்டுவிட்டாள். "உங்க தாத்தா பொய் சொல்லவா போனாவ?" என்று அம்மா எழுந்து போனவள்தான், அன்று மத்தியானம் வரை யாரோடும் பேசவில்லை.

சமாதானம் பண்ணுகிறேன் பேர்வழி என்று அந்த வார்த்தையைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட மாஹிமுக்கும் மயிலாப்பூருக்கும் எல்லாம் போய்விட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் தோட்டத்தில் ஆரம்பிக்க வேண்டும். லத்தீனில் 'ப்ரோபாகோ' என்றால் திராட்சைக் கொடியின் பதியன். கொடியை வளைத்து, நடுக்கணுவை மண்ணில் புதைத்து, வேர் பிடித்த பிறகு தாய்க்கொடியிலிருந்து அறுத்துவிடுவோமே, அது. அதிலிருந்து வந்த வினைச்சொல் 'ப்ரோபாகாரே', பதியன் போடு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேட்டோ என்ற ரோமானியர் விவசாயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் மரத்திலேயே பதியன் போடும் முறை வருகிறது. அடியில் ஓட்டை போட்ட சட்டி அல்லது கூடை வழியாகக் கிளையை நுழைத்து, மண்ணை நிரப்பி அழுத்தி, அப்படியே மரத்தில் விட்டுவிட வேண்டும். இரண்டு வருஷம் கழித்துச் சட்டிக்குக் கீழே வெட்டி, சட்டியோடு கொண்டுபோய் நட வேண்டும். நம் ஊரில் விண்பதியன் என்கிறார்களே, அதேதான். பாலிதீன் தாளுக்குப் பதில் சட்டி.

இந்தச் சொல்லின் வேர் 'பாக்'. ஊன்று, பதி என்று அர்த்தம். அந்த ஒரு வேரிலிருந்து லத்தீனில் ஒரு பெரிய குடும்பமே வந்திருக்கிறது. எல்லைக் கல் ஊன்றிய கிராமம் 'பாகுஸ்'. அங்கே வசிப்பவன் 'பாகானுஸ்', பட்டிக்காட்டான். கிறிஸ்தவம் பரவிய பிறகு அந்தப் பட்டிக்காட்டான்தான் 'பேகன்' ஆனான். திராட்சைப் பந்தல் வரிசைக்கு 'பாகினா' என்று பெயர். எழுத்து வரிசைக்கும் அதே பெயர் வந்து, கடைசியில் நாம் புரட்டும் 'பேஜ்' ஆனது. தமிழைப் பாருங்கள். பதி என்றால் ஊன்று. பதியன் அதிலிருந்து. பதி என்றால் ஊர், சாமித்தோப்புப் பதி மாதிரி. பதிவு, பதிப்பு என்று எழுத்துக்கும் அதே சொல். உடனே "லத்தீன் தமிழிலிருந்துதான் வந்தது" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை. மண்ணில் குச்சி ஊன்றிப் பிழைத்தவர்கள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பதியன் போடு என்ற சொல் பிறகு வம்சத்தைப் பெருக்கு, எல்லையை விரிவாக்கு, பரப்பு என்றெல்லாம் விரிந்தது. பேரரசு வந்ததும் தோட்டக்காரர் சொல்லைத் தளபதிகள் எடுத்துக்கொண்டார்கள்.

இனி கொஞ்சம் இலக்கணம். பயப்பட வேண்டாம், நன்னூல் அளவுக்குப் போகாது.

தமிழில் 'செய்யவேண்டிய வேலை', 'படிக்கவேண்டிய புத்தகம்' என்கிறோம். 'செய்யவேண்டிய' என்பது பெயரெச்சம், தனியாக நிற்காது, பின்னால் ஒரு பெயர் வந்தே ஆக வேண்டும். இந்த வேலையைச் செய்ய லத்தீனில் ஒரு தனி வடிவம் உண்டு. வினையடியோடு 'ந்த்' சேர்த்து உருவாக்குவார்கள். பழைய இலக்கண ஆசிரியர்கள் இதை எதிர்காலச் செயப்பாட்டு எச்சம் என்றார்கள். 'ப்ரோபாகந்துஸ்' என்றால் பரப்பப்பட வேண்டியவன் அல்லது பரப்பப்பட வேண்டிய ஆண்பால் பொருள். பெண்பால் 'ப்ரோபாகந்த'. அஃறிணை மாதிரியான மூன்றாம் பாலுக்கு 'ப்ரோபாகந்தும்'.

இந்த எச்சத்தின் வாரிசுகள் நம் ஆபீஸ் முழுக்க இருக்கின்றன. மீட்டிங்குக்கு முன்னால் வரும் அஜெண்டா 'செய்யவேண்டியவை'. மெமோராண்டம் 'நினைவில் வைக்கவேண்டியது'. வருஷத்துக்கு ஒருமுறை நம் அக்கவுண்டில் நூற்றுச் சொச்சம் வந்து விழுமே டிவிடெண்ட், அது 'பங்கிடவேண்டியது'. கோவாவிலும் மங்களூரிலும் குடும்பப் பெயராக இருக்கும் மிராண்டா ஓர் ஊர்ப்பெயர் வழியாக வந்தது. அடியில் இருக்கும் லத்தீன் சொல்லுக்கு 'வியக்கத்தக்கவள்' என்று பொருள். என் பழைய மேனேஜர் ஒரு மிராண்டா. வியக்கத்தக்கவர்தான், வேறு காரணங்களுக்காக.

தமிழ்ப் பெயரெச்சத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். தமிழில் 'செய்யவேண்டிய வேலையை', 'செய்யவேண்டிய வேலைக்கு' என்று பெயர்ச்சொல் மட்டும்தான் வேற்றுமை உருபு ஏற்கும், எச்சம் அசையாது. லத்தீனில் எச்சமும் கூடவே மாற வேண்டும். பெயர் பெண்பால் என்றால் எச்சமும் பெண்பால். பெயர் இரண்டாம் வேற்றுமை என்றால் எச்சமும் இரண்டாம் வேற்றுமை. பெண்பால் ஒருமையில் எழுவாய் 'ப்ரோபாகந்த'. செயப்படுபொருள் 'ப்ரோபாகந்தம்'. உடைமைக்கும் கொடைக்கும் 'ப்ரோபாகந்தே' போல ஒரு வடிவம். நீங்கல் வேற்றுமைக்கு 'ப்ரோபாகந்தா'. முதலாவதற்கும் கடைசிக்கும் என்ன வித்தியாசம்? குறில், நெடில். எழுவாய் 'த', நீங்கல் 'தா'. ரோமன் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஏ'தான் போடுவார்கள், படிப்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். தமிழில் எழுதினால் பார்த்தவுடன் தெரிகிறது.

1622ஆம் வருஷத்துக்கு வருவோம். அதுவரை ஆசியாவிலும் அமெரிக்காவிலும் கத்தோலிக்க மதத்தைப் பரப்பும் வேலை ஸ்பெயின், போர்ச்சுகல் ராஜாக்கள் கையில் இருந்தது. கப்பல் அவர்களுடையது, செலவு அவர்களுடையது, அதனால் பிஷப் யார் என்று சொல்லும் உரிமையும் அவர்களுடையது. போர்ச்சுகீசிய ராஜாவின் இந்த உரிமைக்கு 'பத்ரோவாதோ' என்று பெயர். புரவலர் உரிமை என்று வைத்துக்கொள்ளலாம். கோவாவும் கொச்சியும் 1606இல் மறைமாவட்டமான மயிலாப்பூரும் அந்தக் கணக்கில் அடங்கும். ரோமுக்கு இது பிடிக்கவில்லை. பதினைந்தாம் கிரிகோரி போப்பாண்டவர், ராஜாக்களை நம்பாமல் தன் நேர்ப் பார்வையில் ஒரு சபையை ஏற்படுத்தினார். பெயர் 'தே ப்ரோபாகந்தா ஃபிதே'. 'ஃபிதேஸ்' என்றால் விசுவாசம், பெண்பால் சொல். 'தே' என்றால் பற்றி, அது நீங்கல் வேற்றுமையைக் கேட்கும். ஆக, 'பரப்பவேண்டிய விசுவாசத்தைப் பற்றிய' சபை. விசுவாசம் பெண்பால் என்பதால் எச்சமும் பெண்பால், முன்னால் 'தே' இருப்பதால் நெடில் 'தா'. 1622இல் ரோமில் பேசும்போது இந்தக் குறில் நெடில் எல்லாம் யாரும் பார்க்கவில்லை, இலக்கணத்தில் மட்டும் இருந்தது. நாம் இன்று 'ப்ராபகண்டா' என்று நெடிலில் முடிக்கும்போது, தெரியாமலேயே நீங்கல் வேற்றுமையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவ்வளவு நீளப் பெயரை யார் சொல்வார்கள்? ரோமில் எல்லோரும் 'ப்ரோபகாண்டா' என்று சுருக்கிவிட்டார்கள். எச்சம் நின்றது, அது தழுவிய பெயர் போய்விட்டது. 'பரப்பவேண்டிய' என்று மட்டும் போர்டு மாட்டிய ஆபீஸ். எதைப் பரப்பவேண்டிய என்ற கேள்விக்கு விடை சுருக்கத்திலேயே விழுந்துவிட்டது.

அந்த ஆபீஸ் பொய்யைப் பரப்பியதா என்றால், இந்தியாவைப் பொறுத்தவரை அதன் கதை வேறு மாதிரி. கோவாவில் திவார் தீவைச் சேர்ந்த மத்தேயுஸ் தே காஸ்த்ரோ என்ற கொங்கணிக்காரருக்குச் சொந்த ஊரில் குருவாக வழி கிடைக்கவில்லை. ரோமுக்குப் போனார். ப்ரோபகாண்டா அவரைப் படிக்கவைத்து, குருவாக்கி, 1637இல் பிஷப் ஆக்கியும் அனுப்பியது. கோவாவில் போர்ச்சுகீசியர்கள் அவருடைய கடுதாசியை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் எல்லைக்கு வெளியே, பீஜப்பூர் சுல்தான் ராஜ்யத்தில் பிச்சோலிமில் போய் உட்கார்ந்துகொண்டார். 1659இல் கிழக்கு நாடுகளுக்குப் போன பிஷப்புகளுக்கு அதே சபை கொடுத்த உத்தரவில், மதத்துக்கும் ஒழுக்கத்துக்கும் விரோதம் இல்லாதவரை உள்ளூர்ப் பழக்கவழக்கத்தை மாற்றச் சொல்லாதீர்கள், ஐரோப்பாவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று இருக்கிறது. முழுக்க மலையாளத்திலேயே அச்சான முதல் புத்தகம் என்று சொல்லப்படும் 'சம்க்ஷேப வேதார்த்தம்' 1772இல் ரோமில் இந்தச் சபையின் அச்சகத்தில்தான் வந்தது.

சென்னைக்காரர்களுக்கு ஒரு கதை. 1642இல் எஃப்ரேம் என்ற பிரெஞ்சு கப்பூச்சின் குரு, ப்ரோபகாண்டாவின் ஆளாக, புனித ஜார்ஜ் கோட்டையில் தங்கினார். கோட்டையில் ஆங்கிலேயர்கள், கொஞ்ச தூரத்தில் சாந்தோமில் போர்ச்சுகீசியர்கள். சில வருஷம் கழித்து அவரைச் சாந்தோமுக்கு வரவழைத்துப் பிடித்து, கோவாவுக்கு அனுப்பி, அங்கே மத விசாரணைக்காரர்களின் சிறையில் போட்டுவிட்டார்கள். கத்தோலிக்கக் குருவைச் சிறை வைத்தது கத்தோலிக்கர்கள், மீட்கப் போராடியது புராட்டஸ்டண்ட் ஆங்கிலேயர்கள். மனிதர் விடுதலையாகி மறுபடி சென்னைக்கே வந்து சேர்ந்தார்.

பம்பாயில் இது இன்னும் முற்றியது. தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகும் கோயில்களில் இருந்தவர்கள் போர்ச்சுகல் ராஜாவுக்குக் கட்டுப்பட்ட குருமார்கள். நம் ஊருக்குள் இன்னொரு ராஜாவின் ஆட்களா என்று கம்பெனிக்காரர்களுக்குச் சந்தேகம். 1720இல் அவர்களை அனுப்பிவிட்டு, ப்ரோபகாண்டாவின் கார்மலைட் குருமார்களைக் கொண்டுவந்தார்கள். சனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மனு, எதிர்மனு, லண்டனுக்குக் கடிதம். கடைசியில் 1794இல் கோயில்களை இரண்டு பங்காக்கி, பாதி பத்ரோவாதோவுக்கு, பாதி ப்ரோபகாண்டாவுக்கு என்று கொடுத்துவிட்டார்கள். ஒரே தீவு, ஒரே மதம், ஒரே பூசை, இரண்டு பிஷப்புகள்.

புதன்கிழமை சாயங்காலம் பாந்த்ரா பக்கம் போகிறவர்கள் மாஹிம் சர்ச் வாசலில் நொவேனா கூட்டத்தில் மாட்டியிருப்பீர்கள். நானும் பத்து வருஷமாக பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தைத் திட்டியிருக்கிறேன். அதே புனித மைக்கேல் கோயிலில்தான் 1853இல் முற்றுகை நடந்தது. ப்ரோபகாண்டா பக்கம் இருந்த அந்தப் பங்கின் சனங்கள் பத்ரோவாதோவுக்கு மாற வேண்டும் என்றார்கள். ஹார்ட்மன் என்ற ப்ரோபகாண்டா பிஷப், உயிரே போனாலும் தரமாட்டேன் என்று ஆட்களோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே மற்ற கட்சி வளைத்துக்கொண்டது. சுமார் இரண்டு வாரம் அப்படியே. பிறகு சர்க்கார் வந்து கதவைத் திறந்து, கோயிலைப் பத்ரோவாதோ பக்கம் கொடுத்தது. அன்றைய பம்பாயில் "நீ ப்ரோபகாண்டாவா?" என்று ஒருவரைக் கேட்டால், பொய்யனா என்று அர்த்தம் இல்லை. உன் கல்யாணத்தை எந்தக் கோயில் பதிவேட்டில் எழுதினார்கள், உன்னை எந்தக் கல்லறையில் புதைப்பார்கள் என்று அர்த்தம்.

தமிழ்நாட்டிலும் இதே பிளவு. 1838இல் போப்பாண்டவர் மயிலாப்பூர், கொச்சி பிஷப்புகளின் அதிகாரத்தை எடுத்து ப்ரோபகாண்டா பக்கம் கொடுக்க உத்தரவு போட்டார். கோவாவைச் சேர்ந்தவர்கள் கேட்கவில்லை. தூத்துக்குடியில் பரதவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 1886இல் ஒப்பந்தம் போட்டுக் கோடு கிழித்தார்கள், ஆனாலும் மதராஸில் ஒன்றும் மயிலாப்பூரில் ஒன்றுமாக இரண்டு பிஷப் தொடர்ந்தார்கள். பம்பாயில் இரட்டை ஆட்சி முடிந்தது 1928இல். போர்ச்சுகலின் உரிமை மொத்தமாகப் போனது 1950இல், அதாவது நாம் குடியரசான பிறகு. 1952இல் மதராஸும் மயிலாப்பூரும் சேர்ந்து ஒரே உயர் மறைமாவட்டம் ஆயின. சாந்தோம் இருக்கும்போது அரண்மனைக்காரத் தெருவில் இன்னொரு கோயிலை ஏன் இணைப் பேராலயம் என்கிறார்கள் என்று எனக்குச் சின்ன வயதில் புரிந்ததில்லை. இரண்டு வீட்டுக் கதை அது.

இந்தப் பக்கம் வார்த்தை தனியாக வேறு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், புரட்சிக் கருத்தைப் பரப்பும் சங்கங்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். போப்பாண்டவர் ஆபீஸின் பெயர் போப்பாண்டவரை எதிர்த்தவர்களுக்கு. எதைப் பரப்பவேண்டிய என்ற இடம் காலியாகத்தானே இருந்தது, யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். முதல் உலகப் போரில் எல்லா நாட்டு அரசாங்கங்களும் நிரப்பின. எதிரியைப் பற்றிக் கட்டிவிட்ட கதைகள் போர் முடிந்ததும் ஒவ்வொன்றாக அம்பலமாக, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் மானம் போனது. பம்பாய் தகராறு தீர்ந்த அதே 1928இல் அமெரிக்காவில் எட்வர்ட் பெர்னேஸ் 'ப்ராபகண்டா' என்றே ஒரு புத்தகம் போட்டு, இது நல்ல தொழில் என்று வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. தன் தொழிலுக்கு 'பப்ளிக் ரிலேஷன்ஸ்' என்ற பெயரையே பிடித்துக்கொண்டார். 1933இல் கோயபல்ஸ் அந்தப் பெயரில் ஓர் அமைச்சகமே நடத்த ஆரம்பித்தான். அதோடு முடிந்தது. ரோமிலும் 1967இல் மக்களுக்கு நற்செய்தி அறிவிக்கும் சபை என்று பெயரை மாற்றினார்கள். 2022இல், சரியாக நானூறு வருஷம் கழித்து, அதையும் வேறொரு துறையோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் பிரேசிலில் இன்றும் டிவி விளம்பரத்துக்கு 'ப்ரோபகாண்டா' என்றுதான் பேர். சோப்பு விளம்பரம் வந்தால் யாரும் கோயபல்ஸை நினைப்பதில்லை.

நம் 'பிரச்சாரம்' சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தது, அதற்கு இந்த வரலாறு எதுவும் கிடையாது. புதிதாகச் சொல்லும் 'பரப்புரை'தான் கிட்டத்தட்ட லத்தீனின் நேர் மொழிபெயர்ப்பு. அதுவும் தமிழில் கெட்ட வார்த்தை இல்லை. ஆக, தப்பு என்னுடையது. ஹிட்லர் பாடத்தில் வரும் வார்த்தைக்கு அப்பா செய்த வேலையின் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. அகராதியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், வீட்டில் இருக்காது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் வைத்து இருவருக்கும் சொன்னேன். மகள் பாதியில் போனை எடுத்துவிட்டாள், மாஹிம் முற்றுகை வந்ததும் மறுபடி கேட்டாள். அம்மா தொட்டியில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து டிபன் பாக்ஸில் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்த ஜாதிமல்லி நன்றாகவே பிடித்துவிட்டது. பக்கத்து ஃபிளாட் மராத்திக்கார அக்கா கேட்டதற்காக, அதன் ஒரு கிளையை வளைத்து, பட்டையை லேசாகச் சீவி, பக்கத்துத் தொட்டி மண்ணில் அழுத்தி, மேலே உடைந்த டைல்ஸ் துண்டை வைத்திருக்கிறாள்.

"இதுக்கா அந்தப் பேரு?" என்றாள்.

"ஆமா."

"அப்போ உங்க அப்பா போனது சரிதான்" என்று சொல்லிவிட்டு, டைல்ஸை நகர்த்தி வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்தாள். இன்னும் விடவில்லையாம்.

மகள் பரீட்சையில் டீச்சர் சொன்ன விடையையே எழுதிவிட்டு, கீழே இரண்டு வரி திராட்சைக் கொடியைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். பேப்பர் அடுத்த வாரம் கொடுக்கிறார்கள்.